ஒன்பது பலகை

அன்று காலை அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பின்னால் பலர் தாங்களும் கூட இருந்ததாகப் பேசினார்கள், இருந்தவர்கள் இவர்கள்தான். வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற நர்ஸ். அந்தச் சமையலறையின் மர வேலையைச் செய்து கொடுத்த தச்சர். தச்சரின் தங்கை, பட்டறையில் பாலிஷ் வேலை முழுவதும் அவள் கையில். அவள் கணவர், மரத்தை இறக்குவதும் அறுப்பதும் அவர் பொறுப்பு, தச்சரிலிருந்து பக்கத்துக் கடைக்காரர்வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. சொட்டுகிற குழாயைச் சரிசெய்ய வந்து, சிங்க்கின் அடியில் பாதி உடம்பை நுழைத்துப் படுத்திருந்த குழாய்க்காரர். ஆறாவது ஆள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தேமுக்காலுக்கு வந்தார். வீடுகளைப் புதுப்பித்துக் காட்டும் டிவி நிகழ்ச்சியின் நிர்வாகி அவர். கையை விட்டு நீல ஃபைல் இறங்காததால் தங்கை அவருக்கு ஃபைல்காரர் என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த முக்கால் மணி நேரம் ஐந்து பேரும் காத்திருந்தார்கள். நர்ஸம்மா யாரையும் உட்காரச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு இதே ஆட்கள் அளவெடுக்க வந்தபோது நாற்காலி போட்டு மோர் கொடுத்தவர்தான். இன்று கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

தச்சர் மட்டம் பார்க்கும் சட்டத்தைச் சமையல் மேடைப் பலகையின் மேல் வைத்தார். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சிங்க்குக்குப் பக்கத்தில் பலகை நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பியிருந்தன. தண்ணீர் தேங்கிய இடத்தில் கருநீலமாகக் கறை பரவியிருந்தது. ஓரத்தில் குண்டூசி குத்தியதுபோல் பதினைந்து இருபது ஓட்டைகள்.

"காலையில எழுந்து பார்த்தா கீழ டிராயர்ல மாவு மாதிரி கொட்டிக் கிடக்கு," என்றார் நர்ஸம்மா. "கரண்டியைத் தட்டிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கு."

"வண்டு அடிச்சிருக்கு சிஸ்டர்," என்றார் தச்சர். "மேல என்ன ஊத்தித் துடைக்கிறீங்க?"

"கொதிக்கக் கொதிக்கத் தண்ணி. தினம் ரெண்டு வேளை. டிவியில நிகழ்ச்சி நடத்துறவர்தானே சொன்னார்? நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

தச்சர் சட்டத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

நர்ஸம்மா செல்போனை எடுத்து, மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து நிறுத்தி, நிகழ்ச்சியை ஓடவிட்டார். அதை அவர் பல தடவை பார்த்திருக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. திரையில் நிகழ்ச்சி நடத்துகிறவர் பல் தெரியச் சிரித்தபடி, புது ஏப்ரன் கட்டிக்கொண்டு இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். மரத்தின் வரி ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளினார். இழைப்புளி திக்கித் திக்கி நின்றது. ஒரு சுருள்கூட வரவில்லை.

குழாய்க்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். "இவர் மரத்தை இழைக்கிறாரா, தடவிக் குடுக்கிறாரா?"

"நீங்க குழாயைப் பாருங்க," என்றார் நர்ஸம்மா.

"கதவெல்லாம் கருங்காலி!" என்றார் திரையில் இருந்தவர். "ஒரு ஆணி, ஒரு ஸ்க்ரூ கிடையாது. எல்லாமே கோத்தது!"

"கருங்காலியாம்," என்றாள் தங்கை. "பிளைவுட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சது நான்தான். கை நகத்துல ஒரு வாரம் கறுப்பு போகலை."

"எண்பத்தாறு ஸ்க்ரூ," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. சுவரில் மாட்டிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தார்.

திரையில் நடத்துகிறவர் மேடைப் பலகையைத் தட்டினார். "சுத்தமான தேக்கு! நூறு வருஷ மரம். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஊத்தித் தேய்க்கலாம். என்ன மேஸ்திரி, சரிதானே?"

அடுத்த நொடி தச்சரின் முகம் திரை முழுக்க வந்தது. முகம் மேலும் கீழும் அசைந்தது.

நர்ஸம்மா விரலை வைத்து நிறுத்தினார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"டீ வேணுமான்னு கேட்டாங்க," என்றார் தச்சர்.

"என்னது?"

"கேமராவுக்குப் பின்னாடி நின்ன ஒரு ஆள் டீ வேணுமான்னு கேட்டார். வேணும்னு தலையாட்டினேன். தேக்கான்னு என்கிட்ட யாரும் கேட்கவே இல்லை."

சிங்க்கின் அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "முப்பத்தி நாலு வருஷம் வார்டுல இருந்தவ நான். எத்தனை கதை கேட்டிருப்பேன்."

தங்கை முன்னால் வந்து செல்போனைக் கையில் எடுத்தாள். "சிஸ்டர், அண்ணன் மூஞ்சியைப் பார்க்காதீங்க. தோளுக்குப் பின்னாடி பாருங்க. பலகை சாய்ச்சு வச்சிருக்கு. என்ன கலர்ல இருக்கு?"

நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வெள்ளையா இருக்கு."

"இப்ப கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. அந்தச் சிரிப்புக்காரர் தட்டுறாரே, அந்தப் பலகை?"

"பழுப்பு."

"ரெண்டும் ஒரே பலகைதான். வெள்ளையா இருந்தது நான் கலர் அடிக்கிறதுக்கு முந்தின நாள். ஒருநாள் ஆட்டின தலையை மறுநாள் கேள்விக்கு ஒட்டியிருக்காங்க. தேக்கு எந்த நாட்டுல வெள்ளையா இருக்கு?"

நர்ஸம்மா மூன்று தடவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பிறகு காலால் ஒரு ஸ்டூலைத் தச்சர் பக்கம் நகர்த்தினார். தச்சர் உட்காரவில்லை.

"அப்ப இது என்ன மரம்?"

"ரப்பர் மரம். கம்பெனி வண்டியில வந்து இறங்கினது. தேக்குக் கலர் அடிக்கச் சொன்னாங்க. வெறும் கலர்னுதான் நினைச்சோம். தேக்குன்னே சொல்லுவாங்கன்னு நினைக்கலை."

"சொன்னப்புறம்?"

"திருத்தச் சொன்னேன். ஒளிபரப்புறதுக்கு முன்னாடி சரிபண்ணிடுவோம்னாங்க. டிவியில அப்படியே வந்துச்சு. ரெண்டு தடவை கடிதம் போட்டேன்."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"எனக்குப் போடலையே," என்றார் நர்ஸம்மா. "அந்தக் கம்பெனிக்கு மரத்துக்குன்னு பணம் கட்டினது நான். இந்த மேடையில தண்ணி ஊத்தினதும் நான். ஒரு வார்த்தை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா ஊத்தியிருப்பேனா?"

தச்சர் பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். மரம் ரொட்டிபோல் உள்ளே போனது. "பொய் சொன்னவங்க வந்து திருத்தணும்னு இருந்துட்டேன்," என்றார்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை காலண்டரிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார்.

ஃபைல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பலகையைக் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "மேடம், உங்க கஷ்டம் புரியுது. பதினஞ்சே நாள்ல புதுப் பலகை போட்டுத் தர்றோம். ஒரு பைசா வேண்டாம். மேஸ்திரி ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

தச்சர் காகிதத்தை வாங்கித் தங்கையிடம் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்தாள். "பட்டறையில் நேர்ந்த கவனக்குறைவினால் தேக்குக்குப் பதிலாகத் தரம் குறைந்த வேறு மரம் பயன்படுத்தப்பட்டது என்பதையும், இதில் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்."

"கவனக்குறைவுன்னுதானே போட்டிருக்கு," என்றார் ஃபைல்காரர். "மனுஷன்னா தப்பு வராதா? பெரிசா ஒண்ணும் இல்லை."

"எங்க அப்பா காலத்திலேர்ந்து அந்தப் பட்டறையில ஒரு மரத்துக்கு இன்னொரு மரம் போனதில்லை," என்றார் தச்சர்.

"சரி, அது உங்க பெருமை. மேடத்தோட சமையலறையை யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் நர்ஸம்மாவைப் பார்த்தார்கள். அவர் பலகையில் இருந்த கறையைப் பார்த்தார். "போடுங்கன்னு வாய் வரைக்கும் வருது," என்றார். "சொல்லலை."

தங்கை குனிந்து, சிங்க்குக்குப் பக்கத்து டிராயரை இழுத்தாள். ஈரத்தில் மரம் ஊதியிருந்ததால் பாதியில் சிக்கியது. மாப்பிள்ளை வந்து கீழிருந்து தட்ட, வெளியே வந்தது. கரண்டிகளை மேடையில் கொட்டிவிட்டு டிராயரைத் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பலகையின் உள்மூலையில் பென்சில் எழுத்து இருந்தது. கலர் அடித்துவிட்டால் எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாது. மறுபடி பாலிஷுக்கு வரும்போது தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வேலையிலும் ஒரே ஒரு மறைவான இடத்தில் மரத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுவது அவள் வழக்கம்.

ரப்பர். கம்பெனி மரம். தேக்குக் கலர் கேட்டார்கள். கீழே, மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி.

நர்ஸம்மா இரண்டு முறை படித்தார். ஃபைல்காரர் ஒருமுறை படித்தார். அவர் முகம் மாறவில்லை. ஃபைலில் இரண்டு பக்கம் புரட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு ரசீதை எடுத்து மேடையில் வைத்தார்.

"நல்லதாப் போச்சு. ரப்பர் மரம்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. இப்ப இதைப் பாருங்க. உங்க பட்டறையில இறக்கின அன்னைக்குப் போட்ட ரசீது."

சரக்கு பெற்றுக்கொண்டேன்: தேக்குப் பலகை ஒன்பது. கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து.

"தேக்கு நாங்க குடுத்தோம்," என்றார் ஃபைல்காரர். "வாங்கினது உங்க ஆளு. உள்ளே போய் ரப்பர் மரமா மாறியிருக்கு. அது எப்படின்னு நான் கேட்கலை. கவனக்குறைவுன்னு எழுதினது உங்க மேல இருக்கிற மரியாதைக்கு. வேற வார்த்தையும் எழுதலாம்."

சிங்க்கின் அடியில் ஸ்பேனர் ஒருமுறை சுற்றி நின்றது. குழாய்க்காரர் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்து, குழாயைத் திறந்து மூடிக் காட்டினார். சொட்டவில்லை. மாப்பிள்ளையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "அப்ப நான் வர்றேன் சிஸ்டர். அடுத்த தெருவுல ஒரு வேலை இருக்கு," என்று பையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

தச்சர் ரசீதைக் கையில் எடுத்தார். மரம் இறங்கிய அன்று அவர் பட்டறையில் இல்லை. கண்ணாடி மாற்றக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். "மாப்பிள்ளை, இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னோடதுதான் மச்சான்."

"தேக்குன்னு போட்டிருக்கு."

"நான் போடும்போது பலகை ஒன்பதுன்னு மட்டும்தான் இருந்துச்சு. மரத்தோட பேரே இல்லை. நான் கேட்டேன். ஆபீஸ்ல எழுதிக்குவாங்கன்னார் டிரைவர். சிஸ்டர் ஃபோன் பண்ணி வரச் சொன்னதிலேர்ந்து எனக்கு அதே நினைப்புதான்."

"பேர் இல்லாத சீட்டுல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

"வண்டி தெருவை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க."

தச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையும் கணவரைப் பார்த்தாள். அவள் பார்வை முதலில் அவர் கையில் நின்றது, பிறகு ரசீதில், பிறகு அண்ணனிடம் திரும்பியது.

"அண்ணே, நானும் சேர்ந்துதான் இறக்கினேன்," என்றாள். "தேக்கு வந்தா பட்டறை எண்ணெய் வாசனை அடிக்கும். அன்னைக்கு ஈரப் பலகை, புளிச்ச பால் வாசனை. ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தான் சாப்பிட்டோம். நீங்க சாயங்காலம் வந்து, என்ன நாத்தம்னு கேட்கலை?"

தச்சர் கண்ணை மூடித் திறந்தார். "கேட்டேன்," என்றார்.

"வாசனையெல்லாம் சாட்சிக்கு வராது," என்றார் ஃபைல்காரர்.

நர்ஸம்மா ரசீதைத் தச்சர் கையிலிருந்து வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, காகிதத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட்டுல பின்னாடி சேர்த்து எழுதுறவங்களை நிறையப் பார்த்திருக்கேன்," என்றார். "மருந்து குடுக்காம விட்டுட்டு, ஆளு போனப்புறம் குடுத்ததா எழுதுவாங்க. எழுத்து இடம் தேடி நெருக்கிக்கிட்டு நிற்கும். இந்தத் தேக்கு அப்படித்தான் நிற்குது. பலகைங்கிற வார்த்தை சாவகாசமா இருக்கு, தேக்கு கோட்டு மேல ஏறி உட்கார்ந்திருக்கு. மையும் வேற."

"அதைச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிக்கலாம் மேடம்," என்றார் ஃபைல்காரர். ரசீதை அவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவி ஃபைலில் வைத்தார். "கையெழுத்து இல்லைன்னா புதுப் பலகை கிடையாது. அதை மட்டும் தெளிவாச் சொல்லிடறேன்."

"கையெழுத்து கிடையாது," என்றார் தச்சர்.

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிக்க இதுல என்ன இருக்கு?"

ஃபைல்காரர் காகிதத்தை மடித்தார். புறப்படுகிறவர்போல் இரண்டு அடி வைத்து, திரும்பி, டிராயரைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணலாம். இதை ஆபீஸ்ல காட்டறேன். தேதியெல்லாம் இருக்கே. மேல இருக்கிறவங்க பார்த்தா மனசு மாறலாம். ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்."

"அது எங்கேயும் போக வேண்டாம்," என்றாள் தங்கை. டிராயரின் மேல் கை வைத்தாள். "வேணும்னா அவங்க வந்து பார்க்கட்டும்."

"எடுத்துட்டுப் போகட்டும்," என்றார் மாப்பிள்ளை. "பார்த்தாத்தானே என் மேல இருக்கிற பழி போகும்."

"இருங்க, ஒரு ஃபோட்டோவாவது எடுத்துக்கிறேன்."

"ஃபோட்டோ எதுக்கு?" என்றார் தச்சர். அவர் நிமிர்ந்து நின்றிருந்தார். "நம்ம வீட்டு எழுத்து அது. அதுக்கு நாம காவல் போட வேண்டாம். ஒளிக்க வேண்டியவங்கதான் பயப்படணும். குடுத்துடு அம்மாடி."

தங்கை கையை எடுக்கச் சிறிது நேரம் ஆனது. எடுத்தாள்.

நர்ஸம்மா மட்டும் வழியை மறித்து நின்றார். "என் வீட்டு டிராயர். எனக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடுங்க."

"தாராளமா மேடம்." ஃபைல்காரர் நின்றபடியே ஒரு சீட்டைக் கிழித்து எழுதி, நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தார். டிராயரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். கார் கதவு மூடும் சத்தம் கேட்டது.

சமையலறையில் நான்கு பேர் நின்றார்கள். தச்சர் மேடையில் சிதறிக்கிடந்த கரண்டிகளை ஒன்றுசேர்த்து வைத்தார். "இந்தப் பலகையை நான் மாத்தித் தர்றேன் சிஸ்டர். கம்பெனிக்காக இல்லை. உங்ககிட்ட வந்து சொல்லாம இருந்தேனே, அதுக்கு. வேங்கை இருக்கு பட்டறையில. வந்து மோந்து பார்த்துட்டுச் சரின்னு சொல்லுங்க, அப்புறம் அறுக்கிறேன்."

"நாளைக்கே வர்றேன்," என்றார் நர்ஸம்மா. "எனக்கு மூக்கு நல்லா வேலை செய்யும்." பிறகுதான் கையில் இருந்த சீட்டைப் பிரித்தார். படித்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினார்.

பெற்றுக்கொண்டது: தேக்கு டிராயர், ஒன்று.

தங்கை வாசலுக்கு ஓடினாள். தெருவில் கார் இல்லை.

இரண்டு நாளில் டிராயர் வரவில்லை. இரண்டு மாதத்திலும் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன மாப்பிள்ளையை வரவேற்பறையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, அப்படி எந்தப் பொருளும் வந்து சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வருஷா வருஷம் பெஞ்சு செய்யக் கொடுக்கும் பள்ளிக்கூடம் இந்த வருஷம் வேறு இடத்தில் கொடுத்தது. நிகழ்ச்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போட்டார்கள். சிரிப்புக்காரர் தேக்கு என்றார், தச்சர் தலையாட்டினார். நர்ஸம்மா வீட்டு மேடையில் இப்போது வேங்கைப் பலகை இருக்கிறது. அதன் கீழே டிராயர் இருந்த இடம் சதுரமாகத் திறந்து கிடக்கிறது. அந்த இடத்துக்குப் புது டிராயர் செய்து தருவதாகத் தச்சர் இரண்டு தடவை சொன்னார். எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நர்ஸம்மா மறுத்துவிட்டார். கரண்டிகளை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு அந்தப் பொந்துக்குள் தள்ளி வைத்திருக்கிறார்.

தச்சரின் மாப்பிள்ளை தேக்குப் பலகைகளைத் திருட்டுத்தனமாக விற்றுவிட்டார் என்றும், விஷயம் வெளியே வந்ததும் தச்சர் நர்ஸம்மாவின் காலில் விழுந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்றும் குழாய்க்காரர் வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தச்சர் யார் காலிலும் விழவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. விற்பதற்குத் தேக்கு வரவே இல்லை. வண்டியிலிருந்து இறங்கியது ஒன்பது பலகை. ஒன்பதும் ரப்பர் மரம்.